கேட்கிறவருக்குச் சொல்ல ஆயத்தமாயிருப்பது எப்படி? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கோத்தகிரி சகோதரி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நான் கோத்தகிரியை அடுத்த ஓர் ஊரில் வசிக்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். சென்ற மழைக்காலத்தில் என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்குச் சபையார் மட்டுமன்றி, எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள ஹட்டியிலிருந்து (நீலகிரியில் படுகர் ஊரை ஹட்டி என்பார்கள்) படுகர் குடும்பத்தார் பலரும் வந்து, மழையைப் பாராமல் கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரை நின்றார்கள். அவர்களில் வயதில் மூத்த ஒருவரை நான் அக்கா என்றே அழைப்பேன். நான் மருமகளாக இந்த ஊருக்கு வந்த நாள் முதல் எனக்குத் துணையாக இருப்பவர். என் பிள்ளைப்பேற்றின் போது கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு மாலை அவர் வீட்டுக்கு வந்தார். வெளியே மேகம் இறங்கியிருந்ததால் இருவரும் அடுப்படியிலேயே அமர்ந்தோம். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் நனைந்த ஓரத்தை அடுப்பின் பக்கமாகப் பிடித்து உலர்த்திக்கொண்டிருந்தவர், தேநீரை வாங்கியும் குடிக்காமல் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டார்: "எங்கள் சாவில் பெரியவர் ஒருவர் நின்று, செத்தவர் செய்த பாவத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, அது நீங்கட்டும் என்று கேட்பார். உங்கள் சபை ஐயர் ஒரு பாவத்தையும் எடுத்துச் சொல்லவில்லை. மன்னிப்பு முன்பே கிடைத்துவிட்டது போலப் பேசினார். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் வாய் திறப்பதற்குள் பேரன் வந்து அழைத்ததால், "இன்னொரு நாள் வருகிறேன், சொல்லு" என்று கூறிப் போய்விட்டார்.

"உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்ற வசனம் (1 பேதுரு 3:15) எனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். ஆனால் கேட்கிறவர் வேதத்தைப் படித்தவர் அல்லர். வசனத்தைச் சொன்னால் மட்டும் அவருக்கு அது பதிலாகிவிடாது. அவர் தம் வழக்கத்தை நான் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துவிடவும் கூடாது. அதே வேளையில், என் கணவரைப் புதைத்த பிறகும் நான் எழுந்து நடமாடுவதற்குக் காரணமாக இருக்கும் ஒன்றை, மனம் நோகுமோ என்ற தயக்கத்தினால் என் அக்காவிடம் சொல்லாமல் மறைப்பதும் அன்பாகாது என்று தோன்றுகிறது. அவர் மறுபடியும் வருவதற்கு முன் நான் எதை, எப்படி ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கேத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, உங்கள் துயரத்தில் கர்த்தர் உங்களைத் தாங்குவாராக. நான் படுகர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். வீட்டில் இன்றும் படுக மொழியே பேசுகிறோம். ஆகையால் அந்த அக்கா கேட்ட கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஆயத்தத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவர் குறிப்பிட்ட அந்தச் சடங்கில், பெரியவர் சொல்லும் பாவங்களின் வரிசையைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். எல்லைக் கல்லை நகர்த்தியது, ஊர்ந்து போகும் பாம்பையும் பல்லியையும் கொன்றது, உடன்பிறந்தவர்களுக்குள் கலகம் மூட்டியது என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, கூடியிருப்பவர்கள் ஒரே குரலில் அது பாவம் என்று ஏற்றுச் சொல்வார்கள். இறந்தவருடைய பாவங்களோடு முன்னோர் செய்தவற்றையும் சேர்த்து, 1300 பாவங்கள் இருந்தாலும் அவை நீங்கட்டும் என்று வேண்டுவார்கள். உபாகமம் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று லேவியர் சொல்ல, ஜனங்களெல்லாரும் ஆமென் என்கிறார்கள். அந்த அதிகாரத்தை எங்கள் வீட்டில் வாசிக்கும்போதெல்லாம், மலைச்சரிவில் சிறு துண்டு நிலத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்தக் கல் எவ்வளவு பெரிய காரியம் என்பதை என் தாத்தா எங்களுக்கு எடுத்துச் சொல்வார்.

நம்மில் பலர் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கும்போது, மனிதன் பாவி என்பதை நிலைநாட்டுவதிலேயே முதல் அரைமணி நேரத்தைச் செலவழிக்கிறோம். கைப்பிரதிகளும் அப்படியே தொடங்குகின்றன. உங்கள் அக்காவுக்கு அது தேவையே இல்லை. பாவம் என்பது உண்டு, அது மனிதனைப் பின்தொடர்கிறது, அதை யாரோ ஒருவர் நீக்கியாக வேண்டும் என்பதையெல்லாம் அவர் பிறந்ததிலிருந்து அறிந்தவர். அவர் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி: நீங்கும் என்று வேண்டுகிறோம், நீங்கிற்று என்பதை அறிய முடியுமா? அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்காத கேள்விகளுக்கு நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் பதில்களை எடுத்து அடுக்குவதுதான் நம் வழக்கமான பலவீனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1603-ஆம் ஆண்டிலேயே ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார், தங்கள் விசுவாசத்தை மறந்துபோன கிறிஸ்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள் என்ற பேச்சை நம்பி, கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்து, படுகரையும் இம்மலையின் பழங்குடிகளான தோடரையும் சந்தித்துவிட்டுத் திரும்பினார். அவர் வந்து போனதால் இங்கே சபை ஒன்றும் உருவாகவில்லை. அதற்குப் பின் 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷனார் நீலகிரிக்கு வந்து, எங்கள் கேத்தியில் தங்கி, பள்ளி நடத்தி, ஹட்டி ஹட்டியாக நடந்து, மக்களின் பேச்சைக் கற்றார்கள். படுகரில் முதல் நபர் திருமுழுக்குப் பெற்றது 1858-இல். லூக்கா நற்செய்தி படுக மொழியில் அச்சானது 1890-இல். பதில் சொல்வதற்கு முன்பு இத்தனை காலம் அவர்கள் கேட்டுக்கொண்டும் கற்றுக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். நீங்கள் அந்த அக்காவின் பக்கத்தில் வாழ்ந்தே இவ்வளவு காலம் ஆகிவிட்டதால், அந்த வேலையின் பெரும்பகுதி உங்களை அறியாமலே முடிந்துவிட்டது.

முடிந்தால் அவரிடம் படுக மொழியிலேயே பேசுங்கள். சாவைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் பேசும்போது தாய்மொழியில் கேட்பது வேறு.

பதில் 2: கூடலூர் செவிலியர்

ஆசிரியர் ஐயா எழுதியதை மரியாதையுடன் படித்தேன். அதில் ஒரு பகுதியைப் பற்றி எனக்குச் சற்று மாறான கருத்து உண்டு. அதையும் சொல்ல அனுமதியுங்கள்.

அவர்களுடைய சாவுச் சடங்கை அறிந்திருப்பது நல்லது. ஆனால் அதை நம் பேச்சுக்கு ஏணியாக எடுத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. அந்தச் சடங்கில் கன்றுக்குட்டி ஒன்றின் மேல் கைவைத்துப் பாவத்தை அதன்மேல் ஏற்றி விட்டுவிடுவது பற்றிப் பழைய பதிவுகளில் உண்டு, அதைப் படித்த நம்மவர் ஒருவர், "பாருங்கள், லேவியராகமம் 16-இல் ஜனங்களின் பாவத்தைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும் போக்காடுதான் இது, உங்கள் முன்னோர் தேடியது எங்கள் ஆண்டவரைத்தான்" என்று ஒரு துக்க வீட்டிலேயே விளக்கத் தொடங்கியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மறுத்துப் பேசவில்லை. எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் தம் தாய் தகப்பனை வழியனுப்பிய சொற்களை, அவருக்கே நாம் விளக்கிக் காட்டுவது வணக்கம் ஆகாது. பேதுரு சாந்தத்தையும் வணக்கத்தையும் பதிலோடு சேர்த்தே கேட்டிருக்கிறார். ஆகையால் சகோதரி அவர்களே, அந்தச் சடங்கைப் பற்றி நீங்கள் அறிந்தவற்றை உங்கள் உள்ளத்திலேயே வைத்துக்கொண்டு, அவர் சொன்னால் மட்டும் கேளுங்கள்.

அடுத்து, அவர் கேட்டது உங்கள் கணவரைப் பற்றியா அல்லது தம்மைப் பற்றியா என்பதையும் கவனியுங்கள். நான் பணிபுரியும் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் பலர். இரவுப் பணியின்போது ஊசி போட்டு முடித்துத் திரும்பும் நேரத்தில், "நர்சம்மா, சாமி கும்பிடுகிறீர்களே, செத்தவர்கள் எங்கே போகிறார்கள்?" என்று கேட்பார்கள். பக்கத்துக் கட்டிலில் அன்று ஒருவர் இறந்ததைப் பற்றிக் கேட்பது போல இருக்கும். ஆனால் கேட்பவரின் கை போர்வையின் ஓரத்தை இறுகப் பிடித்திருக்கும். அப்போது நான், "உங்களுக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்று முதலில் கேட்பேன். அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே நான் சொல்ல வேண்டியதும் அமையும்.

கேட்காத நோயாளியிடம் நான் என் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் எழுந்து போக முடியாதவர். என் கையிலிருக்கும் மருந்துக்குக் காத்திருப்பவர். அப்படிப்பட்டவர் ஆமாம் என்று தலையசைத்தால், அது யாருக்காக அசைத்த தலை என்பது எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் தொழிலாளியிடமும், கடன் கொடுத்தவர் வாங்கியவரிடமும் பேசும்போது இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும். நம் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பிறரை மதம் மாற்றுவதே ஓர் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் விளக்கியும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், விருப்பமில்லாதவரை நெருக்கி வாங்கும் சம்மதத்தில் நம் ஆண்டவருக்கு என்ன மகிமை?

உங்கள் காரியத்தில் இந்தத் தடை எதுவும் இல்லை என்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அவர் உங்களுக்கு மூத்தவர். உங்களிடம் எதையும் எதிர்பார்த்து நிற்பவர் அல்லர். தாமாகவே வந்து கேட்டிருக்கிறார். எழுந்து போகவும் அவருக்கு முழு உரிமை இருக்கிறது. இவ்வளவு சுதந்திரமான கேள்வி அடிக்கடி வாய்ப்பதில்லை.

பதில் 3: கொடைக்கானல், ஓய்வுபெற்ற போதகர்

மகளே, உன் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். முன்னே எழுதிய இருவரும் எப்படிப் பேசுவது என்பதை நன்றாகவே எழுதிவிட்டார்கள். எதைச் சொல்வது என்பது இன்னும் மிச்சமிருக்கிறது. சாந்தத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டுப் பதிலே சொல்லாமல் எழுந்துவிடுகிற பழக்கமும் நம் சபைகளில் வளர்ந்து வருகிறது என்பது என் கவலை.

"எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டிருக்கிறார். உன் கணவர் நல்லவராக வாழ்ந்ததால் தெரியும் என்று சொல்லாதே. அவர் நல்லவர்தான், ஆனால் அந்தப் பதில் அக்காவைத் தம் வாழ்நாளின் கணக்கைத் திரும்பவும் எண்ணிப் பார்க்கத்தான் அனுப்பும். சபை அப்படிச் சொல்கிறது என்றும் சொல்லாதே. நம்முடைய நிச்சயம் ஒருவர் கொடுத்த வாக்கின் மேலும், அவர் மரித்து மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்ற செய்தியின் மேலும் நிற்கிறது. சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய குற்றவாளியின் பாவங்களையும் யாரும் வரிசையாக எடுத்துச் சொல்லவில்லை. தான் நடப்பித்தவற்றுக்குத் தக்க தண்டனையை அடைகிறேன் என்று அவனே ஒப்புக்கொண்டு, என்னை நினைத்தருளும் என்று மட்டும் கேட்டான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற சொல் அவனுக்குக் கிடைத்தது. அந்தச் சொல்லைச் சொன்னவர் கல்லறையிலேயே கிடந்திருந்தால் அது ஆறுதல் வார்த்தையாக முடிந்திருக்கும். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் விருதா என்று பவுலே ஒளிக்காமல் எழுதுகிறார். ஆகவே அக்காவுக்கு நீ சொல்லும் பதில் ஏறக்குறைய இவ்வளவுதான்:

"அக்கா, எங்கள் வீட்டுக்காரர் பாவமே செய்யாதவர் என்று ஐயர் சொல்லவில்லை. அவர் உயிரோடிருக்கும்போதே தம் பாவங்களை ஆண்டவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்கிறேன். அந்தப் பாவங்களை இயேசு தம்மேல் எடுத்துக்கொண்டு செத்தார், பிறகு உயிரோடு எழுந்தார் என்று நாங்கள் நம்புகிறோம். எழுந்தவர் கொடுத்த வார்த்தை என்பதால்தான், இனிமேல் நீங்கட்டும் என்று கேட்காமல், நீங்கிற்று என்று நன்றி சொன்னோம்."

இதை அப்படியே மனப்பாடம் செய்யாதே. அடுப்படியில் வேலை செய்யும்போது உன் சொந்தப் பேச்சில் இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார். பிரசங்க மேடையில் மட்டும் கேட்கிற சொற்கள் அதில் எங்கே நுழைகின்றன என்பது உன் காதுக்கே தெரியும், அவற்றை எடுத்துவிடு. நீ அழுதால் அழு. நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே ஒழிய, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை; லாசருவின் கல்லறையருகே ஆண்டவரே கண்ணீர் விட்டார்.

நீ இன்னும் யோசித்திராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிச்சயம் வரும். "அப்படியானால் என் அப்பா அம்மா? இதையெல்லாம் கேட்காமலே போனவர்கள்?" என்று அவர் கேட்பார். என் ஊழியக் காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் அஞ்சி, மிகவும் ஜெபித்து ஆயத்தப்பட்டிருக்கிறேன். அவர்கள் நரகத்தில் இருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை. அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதலுக்காகச் சொல்லவும் உனக்கு அதிகாரம் இல்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்ட இடத்தில் நானும் நிற்கிறேன் என்று சொல். அவர்களை உண்டாக்கினவர் அவர்களை என்னைவிட நன்றாக அறிந்தவர், அவர் அநியாயம் செய்யமாட்டார், அதற்கு மேல் எனக்குச் சொல்லப்படவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்து. நமக்குச் சொல்லப்பட்டிருப்பதை உறுதியாகச் சொல்வதும், சொல்லப்படாததை வாயடைத்து விட்டுவிடுவதும் சேர்ந்ததுதான் ஆயத்தம்.

குளிருக்காக நெருப்பருகே நின்றபோது வேலைக்காரி கேட்ட ஒரே கேள்விக்கு உண்மையைச் சொல்ல முடியாமற்போனவர்தான், பிற்காலத்தில் சிதறுண்ட விசுவாசிகளுக்கு "எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று எழுதினார். அந்த வசனத்தின் முதல் பகுதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்: "கர்த்தராகிய தேவனை உங்கள் இருதயங்களில் பரிசுத்தம்பண்ணுங்கள்." அக்கா வருவதற்கு முன் அந்த வேலை உன் ஜெபத்தில் நடக்கட்டும்.

கோத்தகிரி சகோதரி

மூவருக்கும் என் நன்றி. அக்கா நேற்று வந்தார். போதகர் ஐயா எழுதியதை ஒட்டி, ஆசிரியர் ஐயா சொன்னபடி எனக்குத் தெரிந்த படுக மொழியிலேயே சொன்னேன். செவிலியர் சகோதரி எச்சரித்ததை நினைவில் கொண்டு, அவர்கள் சடங்கைப் பற்றி நானாக ஒன்றும் பேசவில்லை. அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பெற்றோரைப் பற்றிய கேள்வியையும் கேட்டார். இறுதியில், "அந்தத் திருடன் கதை உன் புத்தகத்தில் இருக்கிறதா? அடுத்த முறை வாசித்துக் காட்டு" என்றார்.

இப்போது எனக்குப் புதிதாக ஒரு தயக்கம். அவருடைய மகன் ஊர்க் காரியங்களில் முன்நிற்பவர். படுகர் வணங்கும் ஹெத்தை அம்மனின் பண்டிகையில் பொறுப்புள்ள குடும்பம். நான் வேதம் வாசித்துக் காட்டுவதை அவர் பிறர் வாயிலாகக் கேட்டால் வருத்தப்படக்கூடும். என்ன செய்வது?

கேத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, அவர் பிறர் வாயிலாகக் கேட்பதற்கு முன் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். "அம்மா எங்கள் வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்; வாசிக்கப் போகிறேன், நீங்களும் வந்து உட்காரலாம்" என்று நேரில் சொன்னால் போதும். மறைவாகச் செய்ய நமக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊர்களில் மகன்மார் வருத்தப்படுவது பெரும்பாலும் வாசித்ததற்காக அல்ல, தங்களுக்குத் தெரியாமல் நடந்ததற்காகவே. அவர் வேண்டாம் என்று சொன்னால், அதை அக்காவிடம் மறைக்காமல் தெரிவித்துவிட்டு முடிவை அவரிடமே விடுங்கள். அந்த வீட்டில் மூத்தவர் அக்காதான். தாய்க்கும் மகனுக்கும் இடையில் நீங்கள் போய் நிற்க வேண்டாம்.

செவிலியர் சகோதரி என்னைத் திருத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். நான் அந்தக் குடியில் பிறந்தவன் என்பதால் எனக்கு எளிதாக இருப்பது உங்களுக்கு அப்படி இருக்காது.

வாசிப்பதைப் பொறுத்தவரை, லூக்கா 23-ஆம் அதிகாரத்தில் 32-ஆம் வசனம் முதல் 43 வரை போதும். அவர் கேட்டது அந்தக் கதையைத்தான். தமிழில் மெதுவாக வாசித்துவிட்டு, பிறகு படுக மொழியில் உங்கள் சொற்களால் சொல்லுங்கள். சொல் தடுமாறும் இடங்களில் அக்காவே எடுத்துக்கொடுப்பார். அதற்கு மேலும் வேண்டும் என்று அவர் கேட்டால், அடுத்த நாள் 24-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து தொடங்குங்கள்.